ஊரைக் கடைந்த கம்பம்

உடையங்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இரும்புக் கம்பம் மனுஷரைக் கடையத் தொடங்கியபோது, அது ஏன் கடைகிறது, எப்படிக் கடைகிறது என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. யாருடையது பெரிசு என்று மட்டும் அன்று சாயங்காலமே கேட்டுவிட்டார்கள்.

முதலில் கடைபட்டது என் மாமியார். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்குவதற்காக, ஒரு கையில் வயர் கூடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு தோளைக் கம்பத்தில் சாய்த்துக்கொண்டு, வராத பஸ்ஸைத் திட்டிக்கொண்டு நின்றவருக்கு லேசாகக் கிறுகிறுத்தது. அவர் உடம்பின் ஓரக்கோடு உச்சந்தலையில் இருந்து செருப்பு வரைக்கும் வெங்காயத் தோல் மாதிரி தனியே கழன்று, கம்பத்தை நடுவாக வைத்து ஒரு சுற்றுச் சுற்றியது. சுற்றி முடித்த இடத்தில், கடைசல் பட்டறையில் கடைந்து அரக்குப் பூசிய தொட்டில் கால் போல, தலை இருந்த இடத்தில் ஒரு குமிழும், கழுத்து இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், வயிறு இருந்த இடத்தில் ஒரு வீக்கமும், கூடை இருந்த உயரத்தில் சுற்றிலும் ஒரு பெரிய தட்டுமாக, ஆள் உயரத்துக்கு ஒன்று எழுந்து நின்றது. பிறகு அது கம்பத்தை விட்டு விலகி, வாத்து மாதிரி அசைந்து அசைந்து ரோட்டோரத்துக்குப் போய் வேர் பிடித்துக்கொண்டது. மாமியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, என் இடுப்பா இம்புட்டு?" என்று என்னிடம் கேட்டார்.

"கூடையும் சேந்துல்லா சுத்திருக்கு அத்தை" என்றேன், இடுப்பில் இருந்த மகளை மறுபக்கம் மாற்றிக்கொண்டே. அதற்குள் பஸ் வந்துவிட்டது, அதை விட்டால் அடுத்தது மத்தியானம்தான் என்பதால் அத்தை ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை கடைபட்டார்கள். ஒரு தடவைதான்; மறுபடி போய் நின்றால் கம்பம் சும்மா இருக்கும். ரோட்டோரம் முழுக்க வரிசையாகக் கடைசல்கள் முளைத்தன. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மிளகாய் வத்தல் காயப்போட ஒரு இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டது. கடைசலின் கழுத்தில் ஆட்டைக் கட்டினார்கள், தலைக் குமிழில் துண்டை உலர்த்தினார்கள், தேர்தல் போஸ்டர் ஒட்டினார்கள். தாலுகா ஆபீசில் இருந்து ஒருவர் ஜீப்பில் வந்து, இறங்காமலே பார்த்து, ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய அதிசயத்துக்கு அவ்வளவு சின்ன ஊர் அது.

ஆம்பளைகள் விஷயம் வேறு. எங்கள் ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆம்பளை என்றால் வெள்ளை வேட்டிதான், அந்தக் கம்பமோ பெயிண்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பம், சாய்ந்தால் வேட்டியில் காவி ஒட்டும், அதனால் பொம்பளைகள் நாங்கள் பிள்ளையும் பையுமாகக் கம்பத்தோடு ஒட்டிச் சாய்ந்து நிற்க, அவர்கள் கம்பத்தை விட்டு எட்டி நின்று, கையில் இருக்கிற குடையை மட்டும் அதன் விளிம்பு கம்பத்தில் முட்டுகிற மாதிரி விரித்துப் பிடித்து, நிழலையும் வாங்கிக்கொண்டு கௌரவத்தையும் காப்பாற்றிக்கொள்வார்கள். கம்பம் அவர்களையும் அப்படியே கடைந்தது. எட்டி நின்ற வயிறு பெரிய வட்டமாகச் சுற்றி வந்தது, குடை அதற்கு மேலே கவிந்து மூடியது, ஒவ்வொரு ஆம்பளையின் கடைசலும் கோபுரக் கலசம் கணக்காக, நெல் குதிர் கணக்காக, ஒரு குடும்பமே உள்ளே குடியிருக்கலாம் போல நின்றது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். எட்டி நின்றதை ஊரே கண்ணால் பார்த்திருந்தது, அப்படியானால் நடுவில் என்ன இருக்கும் என்று ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. வெளியே பெரிசாகத் தெரிந்ததல்லவா, போதும்.

அளக்க ஆரம்பித்தவர் நல்லபெருமாள் காண்ட்ராக்டர். சுற்று வட்டாரத்தில் தண்ணித் தொட்டி கட்டுகிறவர், பத்துத் தொட்டியில் எட்டு ஒழுகும், ஆனாலும் உருண்டையான எதையும் அளக்கிற உரிமை தனக்குத்தான் என்று நினைப்பு. கடைசலின் தலையில் ஒரு நூல், இடுப்பில் ஒரு நூல், காலில் ஒரு நூல் சுற்றி, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, அந்தச் சராசரிச் சுற்றளவில் நேரான ஒரு தொட்டி இருந்தால் எங்கள் பக்கத்து நெல் அளவையான கோட்டையில் அது எத்தனை கோட்டை கொள்ளும் என்று சொல்லுவார். மூணு நூல் கணக்கு என்று அதற்குப் பெயர் வந்தது. பெயர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் அது சாஸ்திரம். இத்தனை கோட்டை ஆள் என்று மனுஷரைச் சொல்லத் தொடங்கினார்கள். ஊர்க்கூட்டத்தில் கோட்டை அதிகமானவர் நாற்காலியிலும் குறைந்தவர் தரையிலும் உட்கார்ந்தார்கள். என் மாமியார் கூடைத் தட்டின் புண்ணியத்தில் பொம்பளைகளில் முதல் ஆளாகி, கோயில் பொங்கலில் முதல் அகப்பையை அவர்தான் போட்டார், நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன்.

கடைசியில் அது கல்யாணத்துக்கு வந்து நின்றது. மாப்பிள்ளையின் கடைசலில் பாதியாவது பொண்ணின் கடைசல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் நிறையாது என்று காண்ட்ராக்டர் ஒரு வழக்கத்தைக் கிளப்பினார். எங்கிருந்து எடுத்தார் என்று கேட்கக்கூடாது. ஜாதகம் பார்க்கிறவர்களே நூல் உருண்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதில் வந்து மாட்டினாள் எங்கள் பவளக்கொடி. என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அவர் லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாதமாகும், வீட்டில் நான், அத்தை, என் மகள், பவளம், நாலு பொம்பளைகள்தான். பவளம் கணக்கில் டிகிரி முடித்துவிட்டு வாத்தியார் படிப்புக்கு டவுனுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அதே பஸ்ஸில் போகிற காண்ட்ராக்டர் மகன் தில்லைராஜுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதித்து, நிச்சயத்துக்குப் புடவைகூட எடுத்தாயிற்று. அப்புறம்தான் காண்ட்ராக்டருக்குத் தன் வழக்கம் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஒரே நாள் காலையில், முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போது, முன்னும் பின்னுமாகக் கடைபட்டவர்கள். அவள் புஸ்தகப் பையோடு கம்பத்தில் ஒட்டி நின்றாள். அவன் ஏதோ இன்டர்வியூவுக்குப் போகிறான் என்று சலவை வேட்டி, புதுக் குடை. மூணு நூல் போட்டுப் பார்த்ததில் அவன் பன்னிரண்டு கோட்டை, அவள் மூன்றரை.

"ஆறு வேணும்லா" என்றார் காண்ட்ராக்டர், என்னவோ நாங்கள் வழியில் தவறவிட்டுவிட்டு வந்த மாதிரி.

அத்தை வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். "இவளை மூன்றரைன்னு ஊரே சொல்லிட்டு. இனிமே எவன் வந்து கேப்பான்? கூடையையாவது கொண்டுபோயிருக்கப்புடாதா, சண்டாளி" என்று சுவரைப் பார்த்துப் புலம்பினார்.

நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பவளம் அடுப்படியில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தால் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, பாப்பாக்கு ஒரு சாண் அகலத்துல தோசை ஊத்த எவ்வளவு மாவு?"

"ஒரு கரண்டி."

"ரெண்டு சாண் அகலத்துல ஊத்தினா?"

"நாலு. ரெண்டு ஊத்தினா ஓட்டை ஓட்டையால்லா இருக்கும்."

"அதான் மைனி. அகலம் ரெண்டு மடங்கானா மாவு நாலு மடங்கு. கடைசலும் தோசை அடுக்குதான். ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அகலம். ஒவ்வொரு தோசைக்கும் மாவு எவ்வளவுன்னு தனித்தனியா பாத்துட்டுல்லா கூட்டணும்? காண்ட்ராக்டர் மாமா முதல்ல அகலத்தைச் சராசரியாக்கிட்டு அப்புறம் மாவு பாக்காவ. அப்படிப் பாத்தா இடுப்பும் கழுத்தும் இருக்க எல்லாரும் குறைஞ்சுதான் போவாவ. தொட்டி மாதிரி நேரா நிக்கிறவன் மட்டும் குறைய மாட்டான்."

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கும் வந்ததுதான் இது, தொகையிடல் என்று. சமன்பாட்டுக்கு முன்னால் ஒரு நெளிந்த கோடு போடுவார்கள், பாம்பு படம் எடுத்த மாதிரி. பரீட்சை எழுதின மறுநாள் மறந்துபோனேன். தோசை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் போய் அளந்தோம். ஒரு விரல்கடை உயரத்துக்கு ஒரு நூலாக, செருப்பில் இருந்து கொண்டை வரைக்கும் நான் சுற்றிச் சுற்றிப் பிடிக்க, அவள் தார் ரோட்டில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனாள், பஸ் வந்தால் ஒதுங்கினாள், பஸ் அழித்ததை மறுபடி எழுதினாள். விரல்கடை தடிமன் தோசை போதாதாம், இன்னும் மெலிசு, பேப்பர் ரோஸ்ட்டைவிட மெலிசு, மயிரைவிட மெலிசு, தடிமனே இல்லை என்கிற அளவுக்கு மெலிசாக்கி அத்தனையையும் கூட்டினால்தான் சரியான விடை என்று, ஓரக்கோட்டின் வளைவை ஒரு சமன்பாடாக்கி, அந்தப் பாம்பை முன்னால் போட்டுக் கூட்டினாள். ஊர் வேடிக்கை பார்த்தது. நாலு சாண் நூலில் முடிகிற வேலைக்கு நாலு உருண்டை நூல் வாங்குகிறவளை எவன் கட்டுவான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாளும் ஒரு தோசை சுட்டதில்லை.

விடை நாலே கால் கோட்டை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "மூன்றரைக்கு நாலே கால் வந்து என்ன, ஆறுக்கு எங்க போக?"

பவளத்துக்கு முகம் சிவந்து சிரிப்பாக இருந்தது. "அவரோடத இன்னும் கூட்டலியே மைனி. வெளிச் சுற்று பன்னிரண்டுதான், நேரான உருவம், மூணு நூலும் அங்க தப்பல. ஆனா அது தோசை அடுக்கு இல்ல. உளுந்த வடை அடுக்கு."

"என்னட்டி சொல்லுத?"

"கம்பத்துக்கும் அவர் வயித்துக்கும் நடுவுல ஒன்றரை சாண் இருந்துச்சு. நான் பக்கத்துலதான நின்னேன். அந்த ஒன்றரை சாணும் சுத்திருக்கு, ஒண்ணுமில்லாமலே சுத்திருக்கு. மேல குடை மூடிட்டு, அதான் தெரியல. வடைன்னா ஓட்டைக்கு உள்ள மாவைக் கழிக்கணும்லா? கழிச்சா நாலு கோட்டை போயிரும். மிச்சம் எட்டு. பாதி நாலு. நான் நாலே கால்."

நான் அந்தக் கடைசலைத் திரும்பிப் பார்த்தேன். நாலு கோட்டை காலி. அவனுக்குள்ளே இருக்கிற ஒன்றுமில்லாத இடத்தில் எங்கள் பவளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

"அப்ப வா, இப்பமே போய்க் காண்ட்ராக்டர் மூஞ்சியில சொல்லுவோம்" என்றேன்.

"வேண்டாம் மைனி. அவுக அப்பா முன்னால உங்க மகன் காலின்னு நான் சொன்னா நல்லாருக்காது. எவ்வளவு தூரத்துல நின்னியன்னு நான் கேக்கேன். அவர் ஒன்றரை சாண்னு சொல்லட்டும். அவர் வாயால வந்தா மரியாதையா முடிஞ்சிரும்."

அவ்வளவு நல்ல பிள்ளை. அவன் சொல்லுவான் என்று அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸுக்குச் சற்று முன்னால் எல்லாரும் கூடினார்கள். காண்ட்ராக்டர் நாற்காலியில், அவருக்குப் பக்கத்தில் பெரிய பெரிய கோட்டைக்காரர்கள், எல்லாரும் எட்டி நின்று கடைபட்டவர்கள். பவளம் தோசைக் கணக்கைச் சொன்னாள். ஒருத்தருக்கும் புரியவில்லை, ஆனால் நாலே கால் என்றதும் காண்ட்ராக்டர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"முக்கால் கோட்டை கூட்டிட்டியேம்மா. கெட்டிக்காரிதான். ஆனா ஆறு வரலியே."

"மாப்பிள்ளை கணக்கும் பாத்துருதேன் மாமா. ஒரு அளவு மட்டும் அவர்கிட்ட கேக்கணும்." அவள் தில்லைராஜைப் பார்த்தாள். "அன்னைக்குக் கம்பத்தை விட்டு எவ்வளவு தூரத்துல நின்னிய?"

கூட்டம் அவனைப் பார்த்தது. நாற்காலிக்காரர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், அதுவரை உறைக்காதது அந்த ஒரு கேள்வியில் அவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும், கால்மேல் போட்டிருந்த காலை ஒவ்வொருத்தராக இறக்கினார்கள். காண்ட்ராக்டர் மகனைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

தில்லைராஜ் தொண்டையைச் செருமினான்.

"ஒட்டித்தான் நின்னேன்" என்றான்.

அவன் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பவளத்தின் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னான்; பக்கத்தில் மகளோடு நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது. "உன்னோடத ஆறுன்னு ஏத்திப் போட்டுரு. இந்தக் கணக்கு இங்க எவனுக்குப் புரியப் போவுது?"

அவள் நிமிர்ந்தாள். சாக்பீஸை எடுத்துத் தார் ரோட்டில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினாள். பன்னிரண்டு. அதில் கழிக்க வேண்டியது பூஜ்யம். பாதி ஆறு. தன்னுடையது நாலே கால்.

"மாப்பிள்ளை ஒட்டி நின்னதாச் சொல்லுதாவ. அப்படின்னா கழிக்க ஒண்ணுமில்ல. நான் ஒன்னே முக்கால் கோட்டை குறையுதேன். உங்க வழக்கப்படி இது பொருந்தாது மாமா. நிச்சயப் புடவையைச் சாயங்காலம் மைனி கொண்டுவந்து தருவாவ."

கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் சொல்லுவதற்கு முன்னால் அவர்கள் கணக்கை வைத்தே ஒரு பொண்ணு சொல்லிவிட்டாள் என்றால் யார் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், மகளுக்குப் பால் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியால் தில்லைராஜின் கடைசலை, சரியாக வயிற்றில் பார்த்து, ஓங்கி ஒன்று வைத்தேன்.

டங்ங்ங் என்றது. ஒழுகிக் காலியான தொட்டியில் கல் விழுந்த மாதிரி, நின்று, சுழன்று, குடைக்குள் ஏறி இறங்கி, டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் எல்லாம் அதிர்ந்து அடங்கியது. பக்கத்தில் இருந்த பவளத்தின் கடைசலிலும் ஒன்று வைத்தேன். தொப் என்றது, அவ்வளவுதான்.

தில்லைராஜ் ரோட்டைக் கடந்து அவளிடம் ஓடினான். "அதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே பவளம். ஒன்றரை சாண்னே வச்சுக்கோ. கழிச்சுப் பாரு, சரியா வரும்லா?"

"வரும்" என்றாள். "ஆனா நான் கேட்டது உங்ககிட்ட. கடைசல்கிட்ட இல்ல."

டவுன் பஸ் வந்தது. அவள் இந்தப் பக்கம் வந்து ஏறினாள். அவள் போன பிறகு ஹாஸ்டலில் இடம் வாங்கிக்கொண்டதும், இப்போது வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பதும், பிள்ளைகளுக்குத் தோசையும் வடையும் வரைந்தே பாடம் நடத்துவதும் வேறு கதை. அதில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கும் கிடையாது.

எங்கள் ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். அவள் ஏறின பஸ் கண்ணை விட்டு மறையக்கூட இல்லை, நாற்காலியில் இருந்து நல்லபெருமாள் காண்ட்ராக்டர் மெல்ல எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, "கேட்டியளாவே?" என்றார். "என் மகன் கடைசலுக்கு நாதம் இருக்கு. கோயில் மணி கணக்கா. சும்மா அடைச்சுவச்ச மண்ணாங்கட்டியிலயா நாதம் வரும்?" பிறகு ஒரு நாற்காலிக்காரர் தன் கடைசலிடம் போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். டங் என்றது. அவர் முகம் மலர்ந்தது. அடுத்தவர் தட்டினார், அதற்கடுத்தவர் தட்டினார், எட்டி நின்ற ஆம்பளைகள் அத்தனை பேரும் வரிசையாகத் தட்டித் தட்டி, ரோட்டோரமே திருவிழா மாதிரி முழங்கியது. பொம்பளைகள் தங்களுடையதைத் தட்டிப் பார்த்துவிட்டு, தொப் என்றதும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றோடு மூணு நூல் ஒழிந்தது. கோட்டைக் கணக்கை ஒருத்தரும் பேசுவதில்லை. இப்போதெல்லாம் நாதம்தான். நாதம் உள்ளவருக்கு நாற்காலி.

தில்லைராஜுக்குக் கிழக்கே இருந்து ஒரு பொண்ணு பார்த்தார்கள். பொண்ணின் அப்பா வந்து தட்டி, கண்ணை மூடிக் கேட்டு, கண்ணீரே விட்டுவிட்டார். இப்படி ஒரு நாதம் எங்கள் பக்கத்தில் எவனுக்கும் இல்லை என்றார். காண்ட்ராக்டர் பூரித்துப்போய், மருமகள் ஆகப்போகிறவளும் ஒரு தட்டுத் தட்டட்டுமே என்று முன்னால் கூப்பிட்டார். சின்னப் பிள்ளை, வெளியூர்க்காரி, எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது. வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினாள். சத்தம் அடங்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு காதை வைத்துக் கேட்டுவிட்டு, திரும்பி எல்லாரையும் பார்த்து, "உள்ள யாரும் இல்லையா?" என்றாள்.

விவரம் தெரியாத புள்ள என்று ஊரே சிரித்தது.